ஒளிர்வது ஒன்று, உழைப்பது இன்னொன்று

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சர்க்யூட் போர்டு. மேலும் கீழும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடு. மேல் தகட்டின் துளை வழியே தலையை நீட்டிக்கொண்டு ஒரு வால்வு. அதன் அடியிலிருந்து ஆரஞ்சு நிறத்திலோ நீல நிறத்திலோ ஒளி. பக்கத்தில் ஒரு வால்யூம் குமிழ். 'ஹைப்ரிட் டியூப் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர்' என்று நீளமான பெயரில் இணையக் கடைகளில் விற்கும் பொருள் இதுதான். மாணவர் பாக்கெட்டுக்கு எட்டும் விலையில் 'வால்வு சத்தம்' கேட்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்பார்கள்.

வாங்கிய முதல் வாரம் சந்தோஷமாகப் போகும். இரண்டாவது வாரம் ஆசை எட்டிப்பார்க்கும். "மச்சி, இதோட வந்த வால்வு சும்மா டா. பழைய ஐரோப்பிய வால்வு ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாரு, சவுண்டு எங்கயோ போயிடும்" என்று அறைத்தோழன் ஒருவன் சொல்வான். விலையைப் பார்த்தால் அந்த ஒரு வால்வு மொத்த ஆம்ப்ளிஃபையரைவிட அதிகமாக இருக்கும். மெஸ் பில் கட்ட வைத்திருந்த பணம் லேசாக ஆட்டம் காணும் நேரம் அது.

அந்தப் பணத்தை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பெட்டிக்குள் யார் என்ன வேலை செய்கிறார்கள்?

ஹைப்ரிட் புதுசு இல்லை

வால்வையும் டிரான்சிஸ்டரையும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் வைப்பது ஏதோ இன்றைய யோசனை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1950-களின் கார் ரேடியோக்களிலேயே இது நடந்திருக்கிறது.

வால்வு வேலை செய்ய அதன் பிளேட்டுக்கு 200, 250 வோல்ட் வேண்டும். காரிலோ பேட்டரி 6 அல்லது 12 வோல்ட்தான். அதனால் பழைய கார் ரேடியோக்களில் 'வைப்ரேட்டர்' என்று ஒரு அதிர்வுப் பொறி இருந்தது. பேட்டரியின் நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பி, உயர்மின்னழுத்தம் செய்வது அதன் வேலை. அடிக்கடி பழுதாகும் பாகமும் அதுதான். 1950-களின் நடுவில் வால்வுக் கம்பெனிகள் வேறு வழி கண்டார்கள். பிளேட்டுக்கு வெறும் 12 வோல்ட் கொடுத்தாலே வேலை செய்யும் தனி வகை வால்வுகளை உருவாக்கினார்கள். அவற்றால் சிக்னலைப் பெரிதாக்க முடிந்தது. ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குத் தெம்பு மட்டும் இல்லை. அந்த ஒரு வேலைக்கு அப்போது புதிதாக வந்த ஜெர்மானியம் பவர் டிரான்சிஸ்டரைப் போட்டார்கள். முன்னால் வால்வு, பின்னால் டிரான்சிஸ்டர். ஹைப்ரிட் தயார்! சில ஆண்டுகளில் டிரான்சிஸ்டரே எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ள, அந்த 12 வோல்ட் வால்வுகள் கிடங்குகளில் தூங்கப் போய்விட்டன.

அவற்றைத் தட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பொறியாளர் பீட் மில்லெட். 2000-களின் தொடக்கத்தில் 12ஏ.இ.6ஏ என்ற அந்தப் பழைய கார் ரேடியோ வால்வை வைத்து அவர் ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் வடிவமைத்து, சர்க்யூட்டை எல்லோருக்கும் வெளியிட்டார். பிறகு இன்னொன்றையும் தந்தார். அதன் பெயர் 'ஸ்டார்விங் ஸ்டூடன்ட்', அதாவது பட்டினி கிடக்கும் மாணவன்! யாருக்கும் வேண்டாத 19ஜே6 வால்வு இரண்டு, மலிவான மாஸ்ஃபெட் இரண்டு, அலுவலகத் தொலைபேசிகளுக்கான 48 வோல்ட் அடாப்டர் ஒன்று. அதில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. வால்வின் ஹீட்டரையே மாஸ்ஃபெட்டுக்கு லோடாக வைத்துவிட்டார். வீணாகச் சூடாகும் ரெசிஸ்டருக்குப் பதில், அதே மின்சாரம் வால்வையும் சூடாக்குகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கடைசியில் வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் தேடித் தேடி வாங்கியதில் அந்த 19ஜே6 அரிதாகிவிட்டது. பட்டினி மாணவர்கள் அதே சர்க்யூட்டை 12ஏ.யு.7-க்கு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இன்று கடையில் கிடைக்கும் அக்ரிலிக் பெட்டிகள் எல்லாம் இந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம்.

உள்ளே மூன்று பேர்

உதாரணத்துக்கு 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் எளிய வகை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு காதுக்கான சர்க்யூட்டில் முக்கியமானவர்கள் மூன்று பேர்தான்.

முதல் ஆள் வால்வு. பெரும்பாலும் 12ஏ.யு.7. ஐரோப்பாவில் இதற்கு இ.சி.சி. 82 என்று பெயர். ஒரே கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு டிரையோடுகள். ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு. ஹீட்டர் கேத்தோடைச் சூடாக்கும்; சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி பிளேட்டை நோக்கி ஓடும். நடுவில் இருக்கும் கிரிட், அணையின் மதகு மாதிரி. கிரிட்டில் மின்னழுத்தம் சின்னதாக அசைந்தால் பிளேட்டுக்குப் போகும் ஓட்டம் பெரிதாக அசையும். சிக்னல் பெரிதாவது இங்கேதான். ஆனால் பிளேட்டில் ஓடுவது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம். ஹெட்ஃபோனின் காயிலுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இரண்டாவது ஆள் மாஸ்ஃபெட். ஐ.ஆர்.எஃப். 510 போன்ற, மூன்று கால் வைத்த கறுப்புப் பெட்டி. இவர் மின்னழுத்தத்தைப் பெரிதாக்குவதே இல்லை. கேட்டில் எவ்வளவு அசைவு வருகிறதோ ஏறக்குறைய அதே அசைவைச் சோர்ஸில் கொடுப்பார். ஆனால் கேட்கும் மின்சாரத்தையெல்லாம் தூக்கிக் கொடுப்பார். வால்வு முணுமுணுப்பதை அப்படியே உரக்கச் சொல்லும் ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். ஹெட்ஃபோனை அசைப்பது இவர்தான்.

மூன்றாவது ஆள் எல்.எம். 317. புராஜெக்ட் செய்யும் எல்லா மாணவர்களுக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டராகத் தெரிந்த அதே ஐ.சி. இங்கே அதற்கு வேறு வேலை. அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே எப்போதும் 1.25 வோல்ட் வைத்திருப்பது அதன் சுபாவம். அந்த இடத்தில் 5 ஓம் ரெசிஸ்டர் வைத்தால், 1.25 வகுத்தல் 5, அதாவது 0.25 ஆம்பியர். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாஸ்ஃபெட் வழியே 250 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். 'கிளாஸ் ஏ' என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுவது இதைத்தான். 12 வோல்ட், 0.25 ஆம்பியர் என்றால் ஒரு காதுக்கு 3 வாட், இரண்டுக்கும் 6 வாட். எல்லாம் சும்மா இருக்கும்போதே வெப்பமாகப் போகிறது. ஹீட் சிங்கைத் தொட்டால் கை ஏன் சுடுகிறது என்பதற்கு விடை இதுதான், வால்வு அல்ல.

இந்த மூவரைத் தவிர கடைசியில் ஒரு வாசல் காவலாளி. சோர்ஸில் எப்போதும் சுமார் 6, 7 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும். அது ஹெட்ஃபோனுக்குள் போனால் காயில் கருகிவிடும். அதைத் தடுத்து பாட்டை மட்டும் வெளியே விடுகிற பெரிய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்தான் அந்தக் காவலாளி.

அவ்வளவுதான். ஆட்டமே முடிந்தது. மொத்த சர்க்யூட்டையும் ஒரு தீப்பெட்டியின் பின்பக்கம் வரைந்துவிடலாம்.

அந்த ஒளி யாருடையது?

இனி அந்த அழகான ஒளிக்கு வரலாம். வால்வின் ஹீட்டர் சிவக்கும் என்பது உண்மை. 12ஏ.யு.7-ன் ஹீட்டருக்கு 12.6 வோல்ட், 150 மில்லி ஆம்பியர். ஆனால் கேத்தோடு குழாய்க்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கம்பியின் வெளிச்சம் இருட்டறையில் ஊதுபத்தி நுனி போல மங்கலாகத்தான் தெரியும். மலிவான பெட்டிகள் பலவற்றில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு ஒளியும் நீல ஒளியும் வால்வுடையவை அல்ல. சாக்கெட்டின் நடுத் துளைக்குள் ஒரு எல்.ஈ.டி. வைத்திருப்பார்கள்! அதைக் கழற்றினால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. கேட்பவர் மனதில்தான் இருக்கும்.

இது சிரிப்பதற்கான விஷயம் மட்டுமில்லை. ஒளிர்கிற பொருளுக்குப் புகழும், மூலையில் சூடாகிக் கிடக்கிற கறுப்புப் பெட்டிக்கு மறதியும் கிடைப்பது இந்தப் பொழுதுபோக்கின் பெரிய நோய். மாற்றம் செய்ய நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது வால்வில். பிரச்சினை இருப்பதோ பெரும்பாலும் வேறு இடத்தில்.

'வெதுவெதுப்பு' எங்கிருந்து வருகிறது?

வால்வு ஒன்றுமே செய்வதில்லையா? செய்கிறது. சிக்னலைக் கொஞ்சம் வளைக்கிறது.

சட்ஜமம் 200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், வால்வு அதோடு 400 ஹெர்ட்ஸையும் லேசாகச் சேர்த்து அனுப்பும். இரண்டாவது ஹார்மோனிக். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு அது மேல் ஸ்தாயி சட்ஜமம். மூன்றாவதான 600 ஹெர்ட்ஸ், மேல் ஸ்தாயி பஞ்சமம். தம்புராவை மீட்டினால் ஒரே தந்தியிலிருந்து இப்படிப் பல ஸ்வரங்கள் மேலே எழும்பி வருவதுதான் அந்த நாதத்தின் நிறைவு. டிரையோடு சேர்ப்பதில் இரண்டாவதுதான் தூக்கலாக இருக்கும். அதனால் அது காதுக்குப் பிழையாகத் தெரியாமல் செழுமையாகத் தெரிகிறது. 'வார்ம்' என்று சொல்வதன் பெரும்பங்கு இதுவே.

ஆனால் ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் வந்தால் கதை மாறும். இரண்டு அதிர்வெண்கள் உள்ளே போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூட வெளியே வரும். அவை பாட்டில் இல்லாத ஸ்வரங்கள். அதனால்தான் தனி வீணைக்கும் ஒற்றைக் குரலுக்கும் இனிக்கிற அதே பெட்டி, அறுபது பேர் வாசிக்கும் இசைக்குழுவில் கலங்கலாகத் தெரியலாம்.

இன்னொன்று. 12ஏ.யு.7-ன் தரவுத்தாளில் இருக்கும் கணக்கெல்லாம் பிளேட்டுக்கு 100, 250 வோல்ட் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்பவை. இங்கே கொடுப்பது 12. கார் ரேடியோ வால்வு போல இது அதற்கென்றே பிறந்ததும் அல்ல. தயாரித்தவர்கள் கவலைப்படாத ஒரு மூலையில் வால்வை ஓட்டும்போது, ஒரே பிராண்டு, ஒரே பெட்டியில் வந்த இரண்டு வால்வுகள்கூட வெவ்வேறு மாதிரி நடக்கலாம். ஒரே குப்பிக்குள் இருக்கும் இரண்டு டிரையோடுகளே வேறுபடலாம். ஆகவே 250 வோல்ட் ஆம்ப்ளிஃபையரில் ஒரு வால்வு சம்பாதித்த பெயரை நம்பி, 12 வோல்ட் பெட்டிக்கு அதை விலை கொடுத்து வாங்குவது குருட்டு அதிர்ஷ்டம்தான். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் தயாரித்த பழைய வால்வுகளைத் தேடி அலைபவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் மல்டிமீட்டர், பிறகு சால்டரிங் அயர்ன்

பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்களைத் திறக்கப் பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். பயப்பட வேண்டியதுதான். 300 வோல்ட், அதோடு அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரம். இந்த 12 வோல்ட் பெட்டியில் அந்த ஆபத்து இல்லை. சூடு மட்டும் உண்டு. ஒரு மாணவன் தைரியமாக மீட்டரின் முனையை வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் வால்வு சர்க்யூட்டை அளந்து பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து ஐந்து அளவுகள் எடுத்தால் போதும்.

அடாப்டர் உண்மையில் 12 வோல்ட் தருகிறதா? இரண்டு சேனலுக்கும் அரை ஆம்பியர், ஹீட்டருக்கு 0.15 ஆம்பியர், ஆக 0.65 ஆம்பியர் வேண்டும். அரை ஆம்பியர் அடாப்டரை மாட்டிவிட்டு வால்வைத் திட்டிப் பயனில்லை.

ஹீட்டர் கால்கள் 4, 5 நடுவே சுமார் 12 வோல்ட் இருக்கிறதா?

5 ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவே 1.25 வோல்ட் இருக்கிறதா? இருந்தால் 250 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம்.

பிளேட்டுகள், அதாவது கால்கள் 1-ம் 6-ம், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா? ஒன்றில் 6, இன்னொன்றில் 9 என்றால் வால்வின் இரண்டு பாதிகளும் ஒத்துப்போகவில்லை.

கடைசியாக, மாஸ்ஃபெட்டின் சோர்ஸ். இங்கேதான் பலரும் 'பாதி, அதாவது 6 வோல்ட்' என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். கொஞ்சம் யோசித்தால் வேறு விடை வரும். கீழே இருக்கும் எல்.எம். 317 தன் வேலையைச் செய்யவே சுமார் 3 வோல்ட் கேட்கும். அதனால் சோர்ஸ் 3-க்குக் கீழே இறங்க முடியாது. மேலே ஏறக்குறைய 11 வரை போகலாம். 3-க்கும் 11-க்கும் நடு 7. பக்கத்தில் இருக்கும் ட்ரிம்பாட்டைத் திருகி 7-ல் நிறுத்தினால் பாட்டு இரண்டு பக்கமும் 4 வோல்ட் தாராளமாக அசையலாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஒரு சேனல் 4-லும் மறு சேனல் 8-லும் நின்றால், ஒரு காது மட்டும் உரத்த இடங்களில் கரகரக்கும். அதற்கு மருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவர். செலவு பூஜ்யம்.

என்னென்ன மாற்றலாம்?

முதல் மாற்றம், சத்தத்தைக் குறைப்பது! சிரிக்க வேண்டாம். ஒரு மில்லி வாட்டுக்கு 100 டெசிபெல் தரும் 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு அந்த ஒரு மில்லி வாட்டைக் கொடுக்க 0.18 வோல்ட் போதும். கணினியிலிருந்தோ போனிலிருந்தோ வருவது 1 வோல்ட்டை ஒட்டி இருக்கும். வால்வு அதைப் பத்து மடங்காக்கினால் 10 வோல்ட். இவ்வளவு யாருக்கு வேண்டும்? அதனால்தான் குமிழைக் கடிகாரத்தின் எட்டு மணி நிலையிலிருந்து ஒன்பதுக்குத் திருப்புவதற்குள் காது கிழிகிறது. விலை மலிந்த வால்யூம் கன்ட்ரோல்களில் அந்த ஆரம்பப் பகுதியில்தான் இடதும் வலதும் சமமாக இருக்காது. பாடகர் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்பார். 50 கிலோ ஓம் கன்ட்ரோலுக்கு முன்னால் சேனலுக்கு ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் சேர்த்தால், உள்ளே போகும் சிக்னல் மூன்றில் ஒரு பங்காகும். குமிழ் தன் வசதியான நடுப்பகுதிக்கு வரும். பாடகரும் நடுவுக்கு வருவார். இரண்டு ரெசிஸ்டரின் விலை ஒரு டீ விலையைத் தாண்டாது.

இரண்டாவது, வால்வுக்குச் சுத்தமான மின்சாரம். அடாப்டரிலிருந்து வரும் 12 வோல்ட்டில் கொஞ்சம் இரைச்சல் கலந்தே வரும். மாஸ்ஃபெட் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அது கேட் சொல்வதைத்தான் கேட்கும். ஆனால் வால்வின் பிளேட் ரெசிஸ்டர் வழியே அந்த இரைச்சலில் ஒரு பங்கு நேராகச் சிக்னலோடு கலக்கிறது. கேட்டுக்கு பயாஸ் கொடுக்கும் ட்ரிம்பாட் வழியாகவும் கலக்கிறது. 12 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. பிளேட் ரெசிஸ்டர்களையும் ட்ரிம்பாட்களின் மேல் முனையையும் அந்தப் புதுப் புள்ளிக்கு மாற்ற வேண்டும். 100 ஹெர்ட்ஸ் உறுமல் சுமார் 300-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அங்கே ஓடும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் இழப்பு ஒரு வோல்ட் அளவுதான். முடித்ததும் சோர்ஸை மறுபடி 7-க்குத் திருப்பி வைக்க மறக்கக்கூடாது. 'கறுப்புப் பின்னணி' என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கும் சமாச்சாரத்தில் பாதி இந்த இரண்டு பாகங்களில் வந்துவிடும்.

மூன்றாவது, வாசல் காவலாளி. அவுட்புட் கெப்பாசிட்டரும் ஹெட்ஃபோனும் சேர்ந்து கீழ் ஸ்தாயிக்கு ஒரு எல்லை போடுகின்றன. 220 மைக்ரோ ஃபாரட், 32 ஓம் என்றால் சுமார் 23 ஹெர்ட்ஸ். அதே கெப்பாசிட்டரில் 16 ஓம் இயர்ஃபோன் மாட்டினால் 45 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பியும் தவிலின் அடியும் மெலிய ஆரம்பிக்கும் இடம். 1000 மைக்ரோ ஃபாரட் போட்டால் 16 ஓமிலும் 10 ஹெர்ட்ஸ். 300 ஓம் ஹெட்ஃபோன் வைத்திருப்பவருக்கு இந்த மாற்றமே தேவையில்லை. பழைய 220-லேயே அவருக்கு 3 ஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விடும். பிளஸ் முனை மாஸ்ஃபெட் பக்கம் இருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

நான்காவது, 'டப்' சத்தம். ஆன் செய்ததும் அந்தக் கெப்பாசிட்டர் 7 வோல்ட்டுக்கு நிரம்பும். நிரப்பும் மின்சாரம் போகும் வழி ஹெட்ஃபோன்தான். பெரிய கெப்பாசிட்டர் என்றால் பெரிய 'டப்'. அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்குச் சேனலுக்கு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து ஹெட்ஃபோனைச் செருகுவது நல்ல பழக்கம். அணைக்கும்போது முதலில் ஹெட்ஃபோனைக் கழற்றி, பிறகு ஸ்விட்ச். இலங்கை வானொலி கேட்ட காலத்து வால்வு ரேடியோவும் சூடாகும் வரை ஆட்களைக் காக்க வைத்ததுதானே!

என்னென்ன செய்யக்கூடாது?

"மச்சி, 24 வோல்ட் அடாப்டர் போட்டா பவர் டபுள் ஆகும்டா" என்று அதே அறைத்தோழன் வருவான். 12 வோல்ட்டுக்காகச் செய்த பெட்டியில் ஹீட்டர் நேராக அடாப்டரோடு இணைந்திருக்கும். 24 கொடுத்தால் ஹீட்டர் போய்விடும். 16 வோல்ட் கெப்பாசிட்டர்கள் வெடிக்கும். 3 வாட்டாக இருந்த சூடு 6 வாட்டாகும். சரி, தேவையாவது இருக்கிறதா? 4 வோல்ட் அசைவில் 32 ஓமுக்குக் கணக்குப்படி 250 மில்லி வாட் வரை போகும். மேலே சொன்ன ஹெட்ஃபோனில் அது 124 டெசிபெல். காது கேட்காமல் போக அது போதும். (24 வோல்ட்டுக்கென்றே வடிவமைத்த பெட்டிகள் வேறு, அவற்றில் ஹீட்டருக்குத் தனி ஏற்பாடு இருக்கும்.)

வால்வு மாற்றும் முன் ஹீட்டரைப் பார்க்க வேண்டும். 6டி.ஜே.8, 6922 இரண்டும் 12ஏ.யு.7-ன் சாக்கெட்டில் அழகாகப் பொருந்தும். ஆனால் கால் 4-க்கும் 5-க்கும் நடுவே அவற்றுக்கு வேண்டியது 6.3 வோல்ட். 12 வோல்ட் கிடைத்தால் விலை உயர்ந்த வால்வு ஒரு சில விநாடிகள் பிரகாசமாக எரிந்துவிட்டு ஓய்ந்துவிடலாம். ஜம்பர் வைத்து இரண்டு வகைக்கும் இடம் கொடுக்கும் போர்டுகள் உண்டு. ஜம்பரை மாற்றிய பிறகுதான் வால்வு. பொருந்துவதெல்லாம் பொருத்தமல்ல.

காதைச் சோதிப்பது எப்படி?

மாற்றம் செய்தவரின் காதை நம்பக்கூடாது. சால்டரிங் வாசனை போகும் முன்பே 'அடடா, என்ன தெளிவு!' என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக ஒலிப்பதாகவே தெரியும். ஆகவே முதலில் ஒரு டெஸ்ட் டோனை ஓடவிட்டு, இரண்டு நிலையிலும் அவுட்புட் வோல்ட்டை மீட்டரில் சமமாக்க வேண்டும். வால்வு மாற்றிச் சூடாகும் நிமிடங்களில் முன்பு கேட்டது மறந்துவிடும் என்பதால், இரண்டு வால்வுகளின் அவுட்புட்டையும் கணினியில் பதிவு செய்துகொள்வது நல்லது. எந்தப் பதிவு எது என்று தெரியாமல் நண்பனைப் பத்து முறை ஓடவிடச் சொல்லி, எது எது என்று எழுதிவைக்க வேண்டும். ஆறு சரியாக வந்தால் நாணயம் சுண்டியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்பதோ அதற்கு மேலோ சரியாக வந்தால் நம்பலாம். வெறும் ஊகத்தில் அப்படி வருவதற்கான வாய்ப்பு 1024-ல் 11தான்.

இந்தச் சோதனையில் தேறிய வால்வை, அதன் சத்தம் பிடித்திருந்தால், தாராளமாக வாங்கலாம். ருசிக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. மேலே போட்ட கணக்கின்படி 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு அந்த வால்வின் பெருக்கமே தேவைப்படவில்லை. முன்னால் ரெசிஸ்டர் வைத்துக் குறைத்து, பின்னால் வால்வு வைத்துக் கூட்டுகிறோம். அப்படியென்றால் வால்வு அங்கே இருப்பது ருசிக்காகத்தான். அது தெரிந்து வாங்கினால் அது விருப்பம். தெரியாமல் வாங்கினால் எல்.ஈ.டி. வெளிச்சத்துக்குக் கொடுத்த காசு.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. இன்று ஒரு மாணவனின் மேஜையில் இருக்கும் போன், லேப்டாப், புளூடூத் ஸ்பீக்கர் எதையும் திறந்து பார்த்து 'இது இதனால் இப்படி' என்று முழுமையாகச் சொல்ல யாராலும் முடியாது. கறுப்புச் சில்லுக்குள் எல்லாம் போய்விட்டது. இந்தப் பெட்டி ஒன்றில்தான் உள்ளே வரும் சிக்னலை ஒவ்வொரு பாகமாகப் பின்தொடர்ந்து காது வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே போக முடிகிறது. நான்கு வருடம் பாடப்புத்தகத்தில் படித்த ஓம் விதி, பயாஸ், ஃபில்டர் எல்லாம் ஒரே போர்டில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகின்றன. அதை அப்படியே வைத்துக்கொண்டு வால்வை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவது, நல்ல புத்தகம் ஒன்றை வாங்கி அட்டையை மட்டும் மாற்றுவது போல.

செய்ய விரும்புபவர்களுக்குக் கடைசியாக ஒரே விதி. ஒரு நாளில் ஒரு மாற்றம். முன்பு எத்தனை வோல்ட், பிறகு எத்தனை வோல்ட் என்று நோட்டில் எழுதிவைக்க வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை போனால் மேலே சொன்ன பாகங்கள் எல்லாம் ஒரே கடையில் கிடைத்துவிடும். மெஸ் பில் பணத்தில் கை வைக்கத் தேவையே இருக்காது.